மெஷின் மேல் சத்தியம்

முதலில் என் கையெழுத்துக்கு மன்னிக்க வேண்டும். நான் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தேன். அதிலும் பாதி வருஷம் அம்மை போட்டு வேப்பிலைக்கு நடுவில் படுத்துக் கிடந்தேன். எந்த இடத்தில் சின்ன 'ர', எந்த இடத்தில் பெரிய 'ற' என்பது இன்றுவரை எனக்கு நிச்சயமில்லை. போதாததற்கு எங்கள் வீட்டில் மேசை கிடையாது. என் மனைவி வசந்தாவின் தையல் மெஷின் பலகை மேல் தாளை வைத்து எழுதுகிறேன். கால் தெரியாமல் மிதியில் பட்டால் பலகை அதிர்கிறது, எழுத்தும் குதிக்கிறது. பிழைகளைத் திருத்தித் தருவதாக மகள் சொல்லியிருக்கிறாள். அவள் கண்ணுக்குத் தப்பியது ஏதாவது இருந்தால் அது என் தப்புதான், அவளைத் திட்ட வேண்டாம்.

இதை எழுத வேண்டிய அவசியம் எப்படி வந்தது என்றால், ஆம்பூரில் எனக்கு நடந்த ஒரு அவமானம் காட்பாடிக்குப் போய்ச் சேர்வதற்குள் வேறு கதையாகிவிட்டது. காட்பாடியில் ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் என்னிடமே சொன்னார்: "ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனிலங்க, ஒரு ஆளு மைக்கப் புடிச்சி இன்னாவோ உளறிட்டானாம். நானூறு பொம்பளைங்க சேந்து அவன அட்டைப்பெட்டில வெச்சி டேப்பு போட்டு கன்டெய்னர்ல ஏத்திட்டாங்களாம்."

நான் "அப்படீங்களா?" என்று கேட்டுவிட்டு ரசத்துக்குக் குழி செய்தேன். (வேறு என்ன செய்வது?) அப்போதே முடிவு செய்துவிட்டேன். வாயால் சொல்ல எனக்கு வராது, எழுதியாவது வைத்துவிட வேண்டும் என்று.

நான் கூச்சக்காரன். சாதாரணக் கூச்சம் இல்லை. பஸ்ஸில் என் நிறுத்தம் வந்து, அங்கே வேறு யாரும் இறங்கவில்லை என்றால், "நிறுத்துங்க" என்று சொல்ல வெட்கப்பட்டு அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்து வருகிறவன். கல்யாணமான புதிதில் வசந்தாவிடம் குடிக்கத் தண்ணீர் கேட்க வாய் வராமல் தெருக் குழாய்க்குப் போய்க் குடித்துவிட்டு வந்திருக்கிறேன். பேசாதவனால் யாருக்கும் தொந்தரவு இருக்காது என்று உலகம் நம்புகிறது. நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

எனக்கு வேலை ஷூ கம்பெனியில், பேக்கிங் பிரிவில். தயாரான ஷூவுக்குள் தாளைச் சுருட்டித் திணித்து, டப்பாவில் வைத்து, டப்பாக்களை அட்டைப்பெட்டியில் அடுக்கி, டேப்பு ஒட்டுவோம். வசந்தா அதே கம்பெனியில் தையல் லைனில் இருக்கிறாள். ஷூவின் மேல் பாகத்தைத் தைக்கிற வேலை. அவளுக்கு அடுத்த மெஷினில் ஷமீம். இரண்டு பேரும் ஒரே மாதத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள், ஒரே வேனில் வருகிறவர்கள். ஒருத்தி டிபன் பாக்ஸை மற்றவள்தான் திறப்பாள். ஷமீம் நோன்பு இருக்கிற மாதத்தில் வசந்தா கேன்டீனுக்கே போக மாட்டாள். கேட்டால் "பசிக்கல" என்பாள். நோன்பு முப்பது நாளும் அவளுக்குப் பசிக்காது.

இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு சீரியல் இருந்தது. அவர்களுக்கு மட்டும் இல்லை, நானூறு பெண்களுக்கும். அந்த சீரியலின் பெயரை நான் சொல்லப் போவதில்லை. அதில் வருகிறவர்களின் பெயரையும் மாற்றித்தான் எழுதுகிறேன். ஏன் என்பது முடிவில் தெரியும்.

கதை இதுதான். காவேரி, தேன்மொழி என்று இரண்டு சிநேகிதிகள். தேன்மொழி பெரிய வீட்டில் வாழ்க்கைப்படுகிறாள். காவேரி அந்த வீட்டு மில்லில் வேலை செய்கிறாள். ஒரு நாள் மில் தீப்பிடித்து எரிகிறது. காவேரிதான் தீ வைத்தாள் என்று ஊரே பழி போடுகிறது. அவள் வைக்கவில்லை. வைத்தது தேன்மொழியின் புருஷன். காவேரி அதைக் கண்ணால் பார்த்தவள். ஆனால் சொன்னால் தேன்மொழியின் வாழ்க்கை போய்விடும் என்று வாயை மூடிக்கொள்கிறாள். கடைத்தெருவில் அவளுக்கு யாரும் அரிசி கொடுக்க மாட்டார்கள். தேன்மொழியே அவள் முகத்தில் கதவைச் சாத்துவாள். அப்போதும் பேச மாட்டாள். இப்படியே வருஷக்கணக்கில் போயிற்று. (எங்கள் லைனில் இரண்டு பேர் அந்த சீரியல் ஓடிய காலத்தில் கல்யாணம் பண்ணி, பிள்ளை பெற்று, மறுபடி வேலைக்கும் வந்துவிட்டார்கள். காவேரி இன்னும் பேசவில்லை.)

கடைசி வாரம் காவேரியைப் பஞ்சாயத்தில் நிறுத்தினார்கள். ஒன்று உண்மையைச் சொல்ல வேண்டும், இல்லையென்றால் ஊரைவிட்டுப் போக வேண்டும். பேசுவாளா, மாட்டாளா? சனிக்கிழமை சாயங்காலம் இரண்டு மணி நேர சிறப்பு நிகழ்ச்சியாக முடிவைக் காட்டுவதாக விளம்பரம் வந்தது.

அந்தச் சனிக்கிழமைதான் கம்பெனியில் ஓவர்டைம் என்று அறிவித்தார்கள். ஞாயிறு காலை கன்டெய்னர் சென்னைத் துறைமுகத்துக்குக் கிளம்பியாக வேண்டும். கப்பல் காவேரிக்காகக் காத்திருக்காது.

தையல் லைனில் அன்று மெஷின் சத்தத்தைவிட முணுமுணுப்புச் சத்தம் ஜாஸ்தி. ஷமீம் எழுந்து நேராக எச்.ஆர். மேடத்திடம் போனாள். அவளுக்கு எந்தப் பதவியும் கிடையாது. ஆனால் அவள் எழுந்தால் லைன் எழும்.

"மேடம், நாங்க சனிக்கிழம ராத்திரி ஒம்போது வரைக்கும் இருக்கோம். ஞாயித்துக்கிழம காலைலயும் வர்றோம். கன்டெய்னர் போனதும் கேன்டீன்ல அந்தப் பெரிய திரைல எங்களுக்கு சீரியல் போடணும். அவ்ளோதான்."

அந்தப் பெரிய திரையில் அதுவரை நாங்கள் பார்த்தது, தீப்பிடித்தால் எப்படி அணைப்பது என்கிற பயிற்சிப் படம் மட்டும்தான். மேடம், "டீயும் போண்டாவும் தர்றேன்" என்றார். நல்ல மனுஷி.

அடுத்து ஒரு சிக்கல். சனிக்கிழமை இரவு வீட்டுக்குப் போனால் மாமியார், மருமகள், பக்கத்து வீடு என்று எல்லோரும் முடிவைப் பார்த்திருப்பார்களே? யாராவது சொல்லிவிட்டால்? அதனால் ஷமீம் ஒரு கட்டுப்பாடு கொண்டுவந்தாள். யாரும் போனில் பார்க்கக் கூடாது, யாரிடமும் கேட்கக் கூடாது, யார் சொன்னாலும் காதில் வாங்கக் கூடாது. எல்லோரும் சேர்ந்துதான் பார்க்க வேண்டும். அதற்காக சோல் அழுத்துகிற பிரிவில் சத்தத்துக்காகக் கொடுக்கிற மஞ்சள் பஞ்சு அடைப்பானை வாங்கி எல்லோருக்கும் பங்கிட்டாள். (மாதனூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி அதைக் காதில் வைத்தபடியே தூங்கி, காலையில் வேன் ஹாரன் கேட்காமல் வேனை விட்டுவிட்டாள்.)

கட்டுப்பாடு என்றால் சத்தியம் வேண்டும். எங்கள் தையல் லைனில் சத்தியம் செய்ய ஒரு வழி உண்டு. மெஷினின் தலையில் கை வைக்க வேண்டும். சாமி ஆளுக்கு ஒன்று, மெஷின் எல்லோருக்கும் ஒன்று என்பார்கள். பொய்ச் சத்தியம் செய்தால் ஊசி விரலில் ஏறும் என்று நம்பிக்கை. தோல் தைக்கிற ஊசி விரலில் ஏறுவதைப் பார்த்தவர்கள் அந்தச் சத்தியத்தை விளையாட்டாகச் செய்ய மாட்டார்கள்.

வரிசையாக எல்லோரும் கை வைத்தார்கள். டப்பா எடுக்க அந்தப் பக்கம் போன என்னை வசந்தா நிறுத்தினாள்.

"நீங்களும் வைங்க."

"நான் இன்னாத்துக்கு? நான்தான் பேசறதே இல்லியே."

"பேசாதவங்கதாண்ணா ஆபத்து" என்றாள் ஷமீம். "உள்ளயே வெச்சி வெச்சி புளிக்கவுட்டு ஒரு நாளு மொத்தமா ஊத்துவாங்க. வைண்ணா கைய."

வசந்தாவின் மெஷின் மேல் கை வைத்தேன். முடிவைப் பார்க்க மாட்டேன், யாரிடமும் சொல்ல மாட்டேன் என்றேன். மெஷின் சூடாக இருந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் பேக்கிங்கில் டேப்பு தீர்ந்துபோயிற்று. அட்டைப்பெட்டி ஒட்டுகிற பிரவுன் டேப்பு. ஸ்டோரில் இருக்கிறது என்று சூப்பர்வைசர் நினைத்திருந்தார். ஸ்டோர்க்காரர் பேக்கிங்கில் இருக்கிறது என்று நினைத்திருந்தார். மூடாத பெட்டிகள் சுவர் உயரத்துக்கு நின்றன. சூப்பர்வைசர் தன் வண்டிச் சாவியை என் கையில் திணித்தார்.

"ஏழுமல, பஜாருக்கு ஓடு. டேப்போட வா. டேப்பு இல்லாம வராத."

பஜாரில் ஒரு ஹார்டுவேர் கடைதான் திறந்திருந்தது. போய் நின்றேன். கடைக்காரர் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்கு எதிரே, பெயின்ட் டப்பாக்களுக்கு மேலே ஒரு டிவி. டிவியில் பஞ்சாயத்து நடந்துகொண்டிருந்தது.

கடையில் பூச்சுக் கரண்டியோடு ஒரு மேஸ்திரி, குழாய் வாங்க வந்த இரண்டு பேர், மருந்துச் சீட்டோடு வழி தவறி வந்தது போல ஒரு பெரியவர். எல்லோர் முகமும் ஒரே திசையில்.

"டேப்பு..." என்றேன்.

என் குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு தடவை "டேப்பு" என்றேன். மேஸ்திரி திரும்பி, "கொஞ்சம் சும்மா இருப்பா" என்றார். வேறு எவனாக இருந்தாலும், "யோவ், கன்டெய்னர் நிக்குதுய்யா!" என்று கத்தி வாங்கிக்கொண்டு போயிருப்பான். விளம்பரம் வந்தபோது கடைக்காரர் எழுந்தார். குழாய்க்காரர்கள் முந்திக்கொண்டார்கள், மேஸ்திரி முந்திக்கொண்டார். நான் "நீங்க வாங்கிக்கிங்க" என்று வழிவிட்டேன். என் முறை வருவதற்குள் விளம்பரம் முடிந்துவிட்டது. கடைக்காரர் உட்கார்ந்துவிட்டார்.

நான் பார்க்கக் கூடாது என்றுதான் இருந்தேன். சுவரில் தொங்கிய பூட்டுகளைப் பார்த்தேன். சின்னப் பூட்டு, பெரிய பூட்டு, சைக்கிள் பூட்டு. ஆனால் காதுக்கு ஏது பூட்டு? பஞ்சாயத்துத் தலைவர், "கடைசியாக் கேக்கறேன் காவேரி, பேசறியா இல்லியா?" என்றார். காவேரி பேசவில்லை. அப்போது ஒரு நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. என் கழுத்து தானாகத் திரும்பிவிட்டது.

எழுந்து நின்றவள் தேன்மொழி.

முடிவு வரை பார்த்தேன். சட்டை நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு டேப்பு வாங்கினேன். கடைக்காரரும் மூக்கை உறிஞ்சிக்கொண்டேதான் மீதிச் சில்லறை கொடுத்தார். வண்டியில் திரும்பும்போது எனக்கு இரண்டு விஷயம் புரிந்தது. ஒன்று, அது மாதிரி ஒரு முடிவை நான் எங்கேயும் பார்த்ததில்லை. இரண்டு, அதை நான் யாரிடமும் சொல்ல முடியாது.

பரவாயில்லை என்று தேற்றிக்கொண்டேன். சொல்லாமல் இருப்பதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. ராத்திரி வீட்டில் வசந்தா, "கண்ணு ஏன் செவந்து கீது?" என்று கேட்டதற்கு "தூசி" என்றேன். அவள் காதில் மஞ்சள் அடைப்பானோடு படுத்துக்கொண்டாள். அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. முடிவு அவளுக்குப் பக்கத்திலேயே படுத்திருந்தது.

ஞாயிறு பத்து மணிக்குக் கன்டெய்னர் கிளம்பிவிட்டது. கேன்டீனில் பெஞ்சுகளை வரிசையாகப் போட்டு எல்லோரும் உட்கார்ந்தாயிற்று. போண்டா வாசனை வந்தது. எலக்ட்ரீஷியன் ஒயரை மாட்டி, திரையில் நீல வெளிச்சம் வரவழைத்து, தயாராக நின்றார். நான் கடைசி வரிசையில் தூணுக்குப் பின்னால் இருந்தேன். அப்போது மேடம் மைக்கை எடுத்தார்.

"ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி ஒரே நிமிஷம். நேத்து டேப் தீந்துபோன நேரத்துல ஒருத்தர் பஜாருக்கு ஓடிப் போய் வாங்கிட்டு வந்தார். அவர் வரலேன்னா இன்னிக்கு கன்டெய்னர் கிளம்பியிருக்காது. ஏழுமலை அண்ணா! வாங்க!"

தூண் என்னை மறைக்கிற அளவுக்கு அகலமாக இல்லை.

முன்னால் போனேன். பொன்னாடை போர்த்தினார்கள். (வீட்டில் இருக்கிறது. ஃபிரிட்ஜ் மேல் விரித்திருக்கிறோம்.) கைதட்டினார்கள். வசந்தா முன் வரிசையில் ஷமீமை இடித்து இடித்துச் சிரித்தாள். அவ்வளவோடு விட்டிருந்தால் நான் இன்றைக்கு இதை எழுத வேண்டியதில்லை. மேடம் மைக்கை என் கையில் கொடுத்துவிட்டார்.

"ரெண்டு வார்த்தை பேசுங்கண்ணா."

எனக்கு முன்னால் நானூறு முகம். எல்லாம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன. 'நன்றி' என்ற சொல்லைத் தேடினேன், எங்கேயோ போய் ஒளிந்துகொண்டது. மேடம் பாவப்பட்டு எடுத்துக் கொடுத்தார்.

"நம்ம கம்பெனில இருக்கற ஒத்துமை, ஃபிரெண்ட்ஷிப், அதப் பத்தி சொல்லுங்க."

"நட்புன்னா..." என்றேன்.

ஸ்பீக்கரில் என் குரல் யாரோ பெரிய மனிதர் பேசுவது போலக் கணீரென்று வந்தது. எனக்கே பிடித்துப்போயிற்று. நேற்று சாயங்காலத்திலிருந்து வயிற்றில் இருந்தது ஒன்றுதான். அது எழுந்து வந்தது.

"நட்புன்னா தேன்மொழி மாதிரி இருக்கணும். புருஷன், பங்களா, பட்டுப்பொடவ, எல்லாம் ஒரு பக்கம். சிநேகிதி ஒரு பக்கம். பஞ்சாயத்துல எழுந்து நின்னு, 'மில்லுக்குத் தீ வெச்சது காவேரி இல்ல, எங்க வீட்டுக்காரரு'ன்னு சொன்னா பாருங்க! யாரு சொல்லுவா? தாலியக் கழட்டி மேசமேல வெச்சிட்டு வந்து நின்னா. காவேரி இன்னா பண்ணா? கட்டிப் புடிச்சாளா? இல்ல! விட்டா ஒரு அறை! 'இதுக்காடி நான் இத்தினி வருஷம் வாய மூடிங்கெடந்தேன்? உன் வாழ்க்கைய நீயே கெடுத்துக்கினியேடி'ன்னு அழுதா. அப்பறந்தான் கட்டிப் புடிச்சா. தனக்கு நல்ல பேரு கெடச்சுதேன்னு சந்தோஷப்படல அவ, சிநேகிதி வாழ்க்க போச்சேன்னு அழுதா. அதாங்க மானம். அதாங்க நட்பு!"

கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. கைதட்டலுக்காக நின்றேன். என் வாழ்க்கையில் தடுமாறாமல் பேசிய ஒரே பேச்சு அதுதான். இன்றைக்கும் சொல்கிறேன், நல்ல பேச்சு.

கைதட்டல் வரவில்லை. எலக்ட்ரீஷியன் ரிமோட்டை நீட்டியபடியே கல்லாக நின்றார். ஒரு பெண் காதிலிருந்து மஞ்சள் அடைப்பானை மெதுவாக எடுத்து அதையே பார்த்தாள். பிறகுதான் நான் வசந்தாவின் முகத்தைப் பார்த்தேன். அதில் ரத்தமே இல்லை.

முதலில் வெடித்தவள் அடுத்த லைன் கஸ்தூரி. மாமியாரோடு சண்டை போட்டு வீட்டு டிவியின் ஒயரையே பிடுங்கிவிட்டு வந்தவள்.

"அப்ப வசந்தா வூட்ல நேத்து டிவி ஓடிக்கிது! அதான் அந்த ஆளு பாத்துக்கிறாரு. காதுல பஞ்சு வெச்சிங்கினு குந்திங்கிருந்த நாங்கல்லாம் கேனச்சிங்க!"

"நான் பாக்கல" என்றாள் வசந்தா.

"நீ பாக்கலேன்னா உன் வூட்டுக்காரரு எங்க பாத்தாரு? கனவுலயா?"

"சத்தியமா நான் பாக்கல."

"சத்தியம் பண்ணி இன்னா ஆச்சு? அதான் பாத்தமே உங்க குடும்பத்து சத்தியத்த!"

நானூறு பேர் வசந்தாவைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் பத்தாவது தாண்டாதவள், நகை நட்டு இல்லாதவள். அந்த லைனில் அவளிடம் இருந்ததெல்லாம் ஒன்றுதான். வசந்தா ஒன்று சொன்னால் அது சரியாக இருக்கும் என்பது. சூப்பர்வைசரே தகராறு வந்தால், "வசந்தாவக் கேளுங்க" என்பார். அதை நான் ஒரு நிமிஷத்தில் மைக்கில் போட்டு உடைத்துவிட்டேன்.

நான்தான் சொல்ல வேண்டும். டேப்பு வாங்கப் போன கடையில் பார்த்தேன் என்று ஒரே ஒரு வரி. மைக் கையில்தான் இருந்தது. ஆனால் வரம் தீர்ந்துவிட்டது போல ஒரே ஒரு சொல்தான் வெளியே வந்தது.

"டேப்பு" என்றேன். ஸ்பீக்கர் கீச்சென்று கத்தியது. "டேப்பு... டேப்பு..."

"இன்னா டேப்பு? வாய்க்கா?" என்றாள் கஸ்தூரி.

அப்போது ஷமீம் எழுந்தாள். துப்பட்டாவைத் தலையில் சரியாகப் போட்டுக்கொண்டு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள்.

"வசந்தாவ யாரும் ஒண்ணும் சொல்லாதீங்க. பாத்தது நான். ராத்திரி மனசு கேக்கல, ஃபோன்ல பாத்துட்டேன். காலைல வேன்ல அண்ணன்கிட்ட சொன்னதும் நான்தான். மெஷின் மேல சத்தியமா."

கட்டுப்பாடு கொண்டுவந்தவளே அவள். அடைப்பான் பங்கிட்டவள் அவள். இனி அவள் எழுந்தால் லைன் எழாது. அது அவளுக்கும் தெரிந்துதான் இருந்தது.

வசந்தா எழுந்தாள். ஷமீமின் தோளில் விட்டாள் ஒரு அறை. அந்தச் சத்தத்துக்கு மைக் தேவைப்படவில்லை.

"இன்னாடி சத்தியம் பண்ற? மெஷின் மேலயா பொய் சத்தியம் பண்ற? நாளைக்கு ஊசி ஏறுச்சின்னா உன் வெரலுக்கு யாருடி ஜவாப்பு? என் பேரு கெட்டா கெட்டுட்டுப் போவுது, நீ எதுக்குடி நடுவுல வந்து குதிக்கிற?"

"நீ பாக்கலேன்னு எனக்குத் தெரியும்டி" என்றாள் ஷமீம். "இவங்களுக்குத் தெரியணும்ல?"

"அதுக்கு உன் வெரலக் குடுப்பியா?"

பிறகு இரண்டு பேரும் கட்டிக்கொண்டு அழுதார்கள். நான் பொன்னாடையோடு பக்கத்தில் நின்றேன். அந்த முடிவை நான் இரண்டு தடவை பார்த்தவன். ஒரு தடவை ஹார்டுவேர் கடையில், ஒரு தடவை கைக்கெட்டும் தூரத்தில். இரண்டாவதுதான் நன்றாக இருந்தது.

யாரோ பின்னாலிருந்து, "யம்மா, அண்ணன் சொன்னாப்பலயே அப்படியே நடக்குதே!" என்றாள்.

அதைக் கேட்டதும் எனக்குக் குரல் வந்துவிட்டது. எப்படி வந்தது என்று தெரியாது. கடை, கடைக்காரர், மேஸ்திரி, விளம்பரத்தில் நான் வழிவிட்டது, பூட்டுகளைப் பார்த்தது, கழுத்து தானாகத் திரும்பியது, எல்லாவற்றையும் மைக்கிலேயே சொன்னேன். "வசந்தா பாக்கல, ஷமீமும் பாக்கல. பாத்தது நான் மட்டுந்தான். எனக்கு 'டேப்பு குடுங்க'ன்னு சத்தமாக் கேக்கத் தெரியல. அதான் வந்த வென" என்றேன்.

"கழுத்து தானாத் திரும்புச்சாம்!" என்று ஒருத்தி சிரித்தாள். அது ஒரு பெஞ்சிலிருந்து அடுத்த பெஞ்சுக்குப் போயிற்று. கொஞ்ச நேரத்தில் நானூறு பேரும் சிரித்தார்கள். மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இப்ப சீரியல் போடறதா, வேணாமா?" என்று கேட்டார்.

"போடுங்க மேடம்" என்றாள் கஸ்தூரி. "எல்லாந்தான் தெரிஞ்சிபோச்சே. எப்படி அறையறான்னு மட்டுமாவது பாப்போம்."

பார்த்தார்கள். தெரிந்த கதைக்கு இவ்வளவு அழுவார்கள் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் அந்த அறை வந்தபோது மட்டும் கேன்டீன் முழுக்க "ச்சே" என்றது. "இதெல்லாம் ஒரு அறையா? நம்ம வசந்தா விட்டா பாரு" என்றார்கள். கஸ்தூரி எழுந்து வந்து, தன் போண்டாவைப் பிய்த்துப் பாதியை வசந்தாவின் தட்டில் போட்டாள். வசந்தா அதைச் சாப்பிட்டாள்.

மறுநாள் திங்கட்கிழமை ஒரு காரியம் நடந்தது. அதை நான் மட்டும்தான் பார்த்தேன். வேன் நின்றதும் வசந்தா யாருக்கும் காத்திராமல் உள்ளே ஓடினாள். நான் டப்பா எடுக்கப் போனவன் கம்பிக் கதவு வழியாகப் பார்த்தேன். அவள் ஷமீமின் மெஷினில் இருந்த பழைய ஊசியைக் கழற்றிவிட்டுப் புது ஊசி போட்டாள். கழிவுத் தோல் துண்டு ஒன்றை எடுத்து ஓட்டிப் பார்த்தாள். தன் விரலையே ஊசிக்குப் பக்கத்தில் வைத்து, ஊசி நெருங்குகிறதா என்று பார்த்தாள். பிறகு மெஷின் தலையில் கை வைத்து மெதுவாகச் சொன்னாள்:

"அது எனக்காகச் சொன்னது. கணக்குல வெச்சிக்காத."

ஷமீம் வந்தபோது வசந்தா தன் இடத்தில் உட்கார்ந்து நூல் கோத்துக்கொண்டிருந்தாள். ஷமீமின் விரலுக்கு அன்றும் ஒன்றும் ஆகவில்லை, இன்றுவரையும் ஆகவில்லை. அந்த விஷயம் ஷமீமுக்குத் தெரியாது. இதைப் படித்தால்தான் தெரியும்.

எனக்கு ஆனது என்ன என்று கேட்டால், என்னை அட்டைப்பெட்டியில் வைத்துக் கன்டெய்னரில் ஏற்றவில்லை. அவ்வளவு தொல்லையை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. அதைவிட எளிதான ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டார்கள். எங்கே மைக்கைப் பார்த்தாலும், கூட்டத்தில் யாராவது ஒருத்தி டேப்பு இழுக்கிற மாதிரி வாயால் "கிர்ர்ர்" என்பாள். உடனே எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். ஆயுத பூஜையில் "கிர்ர்ர்". வேனில் நான் கொட்டாவி விட்டால் "கிர்ர்ர்". என் மகள் நிச்சயதார்த்தத்தில் வீடியோக்காரர், "பொண்ணோட அப்பா ரெண்டு வார்த்தை" என்று மைக்கை நீட்டியபோது, ஷமீம் கைப்பையிலிருந்து நிஜமான பிரவுன் டேப்பு ஒன்றை எடுத்து மேசை மேல் வைத்தாள். சம்பந்தி வீட்டார் மிரண்டுபோனார்கள். வசந்தா முழுக் கதையையும் சொன்னாள். சம்பந்தி சிரித்த சிரிப்பில் அவர் பல்செட் கழன்றுவிட்டது. இப்போது அவர்கள் வீட்டிலும் "கிர்ர்ர்" உண்டு.

இதை எழுதப் போகிறேன் என்று தெரிந்ததும் ஷமீம் போனில் கூப்பிட்டாள்.

"அண்ணா, நல்லா எழுது. ஆனா சீரியல் பேர மட்டும் போட்றாத. இப்ப அத ஃபோன்ல மொதல்லருந்து பாக்கறவங்க ஆயிரம் பேரு கீறாங்க. பாவம், அவங்க தலைலயும் கல்லப் போடாத."

அதனால்தான் பெயரைப் போடவில்லை. எந்த சேனல் என்றும் போடவில்லை. என்னை எங்கேயாவது பார்த்தால் தயவுசெய்து கேட்காதீர்கள், நான் சொல்ல மாட்டேன். இந்த வரியை எழுதும்போது என் இடது கை எங்கே இருக்கிறது என்று வசந்தா அடுப்பங்கரையிலிருந்தே எட்டிப் பார்த்துச் சிரிக்கிறாள். மெஷின் மேல்தான் இருக்கிறது.

ஆடிப் பதினெட்டு, ஞாயிற்றுக்கிழமை.